ஒரு பறவை வேஷம், ஒரு கேக்: வீட்டிலேயே தைத்து, பேக் செய்து, அலங்கரிக்க முழுமையான வழிகாட்டி

தையல், பேக்கிங், வேஷம் கட்டுவது மூன்றையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளக் கிளம்பி, மூன்றையும் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர். பழைய துணியில் கோடு போட்டு நேராகத் தைத்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் சலித்துத்தான் போகும். யாரும் சாப்பிட வராத ஒரு நாளில் பேக் செய்த கேக்கும் அப்படித்தான். கைவேலைக்கு ஒரு தேதியும் ஒரு ஆளும் வேண்டும். "சனிக்கிழமைக்குள் முடியணும், இது அவளுக்கு" என்று இருந்தால் கை தானாக வேலை செய்யும்.

அதனால் இந்த வழிகாட்டியில் மூன்றையும் ஒரே வேலையாகக் கட்டியிருக்கிறேன். ஐந்தாறு வயதுக் குழந்தையின் பிறந்தநாள். குழந்தைக்குப் பறவை வேஷம்: கையை விரித்தால் சிறகாகும் ஒரு மேலங்கி, அலகு வைத்த ஒரு பாதி முகமூடி. மேஜையில் இறகு வரி போட்ட ஒரு கேக். நேர்த் தையல் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வழியில் வந்துவிடும்.

முதலில் நாள் கணக்கு

மூன்று நாள் ஒதுக்குங்கள். மூன்று நாளும் முழுக்க வேலை இல்லை. துணி காய வேண்டும், வெட்டிய துணி ஒரு இரவு தொங்க வேண்டும், கேக் ஆற வேண்டும். காத்திருக்கும் இந்த நேரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிட்டால் வேலை இலகுவாக ஓடும்.

முதல் நாள் துணியை நனைத்துக் காயப் போட்டு, அளவெடுத்து, பேப்பர் கட்டிங் போட்டு, சாயங்காலம் துணியை வெட்டித் தொங்கவிடுங்கள். இரண்டாம் நாள் காலையில் தைத்துவிட்டு, பிற்பகலில் முகமூடி, சாயங்காலம் கேக். மூன்றாம் நாள் காலை கேக்குக்கு மேல்பூச்சு. உடையைப் போட்டுப் பார்த்து, தளர்வானதைப் பிடித்து, இறுக்கமானதை விட்டுக்கொடுப்பது.

விழா அன்று காலையில் தையல் மெஷினைத் திறக்கிற நிலைமை மட்டும் வரக்கூடாது. அவசரத்தில் தைத்தால் நூல் அறும், ஊசி உடையும், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவோம்.

துணி

பறவை என்றதும் பளபளவென்று சாட்டின் வாங்கத் தோன்றும். முதல் வேலைக்கு அது வேண்டாம். சாட்டின் வழுக்கும், பிசிறு விடும், ஊசி குத்திய ஓட்டை அப்படியே தெரியும். நெருக்கமாக நெய்த சாதாரணப் பருத்தித் துணி எடுங்கள். வெட்டினால் வெட்டிய இடத்தில் நிற்கும், அயர்ன் போட்டால் மடிப்பு படியும், பிரித்துத் தைத்தாலும் தாங்கும்.

110 செ.மீ. அகலத் துணியில் ஒன்றேகால் மீட்டர் போதும். ஒரு ஓரத்தில் மேலங்கி வரும். மிச்சத் துணியையும், வீட்டில் கிடக்கும் வேறு நிறத் துண்டுத் துணிகளையும் வைத்து இறகு வெட்டிக்கொள்ளலாம். நான்கைந்து நிறம் கலந்து இருந்தால்தான் பறவை களை கட்டும்.

வாங்கி வந்த துணியை நனைத்துப் போடாமல் வெட்டாதீர்கள். பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். ஒன்றேகால் மீட்டரில் அது 4 முதல் 6 செ.மீ. தைத்த பிறகு சுருங்கினால் துணி ஒரு பக்கமும் தையல் நூல் ஒரு பக்கமும் இழுத்து, தையல் நெடுகச் சுருக்கம் விழும். அடர்ந்த சிவப்பு, நீலம் போன்ற துணிகளைத் தனியாக நனையுங்கள். சாயம் போவதாக இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். லேசான ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்துவிட்டால் மடிப்பு சுலபமாகப் போகும்.

அளவெடுத்து வரைவது

குழந்தையை நிற்க வைத்து எடுக்க வேண்டிய அளவுகள் மூன்றே மூன்று: கழுத்துச் சுற்றளவு, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தோரத்திலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் மணிக்கட்டுச் சுற்றளவு. டேப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கழுத்து அளவுக்கு மேல் 3 செ.மீ. தளர்வு கொடுங்கள்.

மேலங்கி ஒரு அரைவட்டம். கழுத்து அதன் நடுவில் ஒரு சின்ன அரைவட்டம். கழுத்து ஆரம் கண்டுபிடிக்க, தளர்வோடு சேர்ந்த கழுத்து அளவை 3.14 ஆல் வகுத்தால் போதும். உதாரணமாகக் கழுத்து 28 செ.மீ. என்றால், தளர்வு சேர்த்து 31. வகுத்தால் 9.9, அதை 10 என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்தோரத்திலிருந்து மணிக்கட்டு வரை 43 செ.மீ. என்றால், வெளி வட்டத்தின் ஆரம் 10 + 43 = 53; ஓரம் மடிக்க 1 செ.மீ. சேர்த்து 54. கழுத்துக்குப் பட்டி போட்டு மூடப்போகிறோம், அதனால் அங்கே தையலுக்கென்று கூடுதலாக விட வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவுக் கணக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இது ஒரு பதில். இதே கணக்கில்தான் குடைப் பாவாடை முதல் மேஜை விரிப்பு வரை எல்லா வட்டத் துணியும் வெட்டுகிறார்கள்.

நேராகத் துணியில் வரையாமல், முதலில் செய்தித்தாளை ஒட்டி ஒரு பெரிய தாளாக்கி அதில் கால்வட்டம் வரையுங்கள். ஒரு மூலையில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு, 10 செ.மீ. தூரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வாருங்கள்; அப்புறம் 54 செ.மீ. தூரத்தில். புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு வளைவு கிடைக்கும். வெட்டிய தாளைக் குழந்தையின் ஒரு தோளில் வைத்துப் பாருங்கள். கழுத்து இடிக்கிறதா, கை எட்டுகிறதா என்று தாளிலேயே தெரிந்துவிடும். தாளைத் திருத்துவதற்கு ஒரு செலவும் இல்லை.

வெட்டுவது

துணியின் கரையை, அதாவது நீளவாக்கில் பிசிறு விடாமல் நெய்து முடித்திருக்கும் ஓரத்தை, முன் ஓரமாக வைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள சூட்சுமம். துணியைக் குறுக்காக மடியுங்கள், கரை கரையின் மேலேயே படிய வேண்டும். மடிப்பும் கரையும் சந்திக்கும் மூலையில் கால்வட்டத் தாளின் மூலையை வைத்து, ஒரு நேர் ஓரம் மடிப்பிலும் மற்றது கரையிலும் சரியாகப் படியும்படி குண்டூசி குத்துங்கள். வெட்டி விரித்தால் முழு அரைவட்டம். முன்பக்கம் முழுவதும் கரை வருவதால் அங்கே பிசிறும் வராது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். கரை மட்டும் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றால் அதை வெட்டிவிட்டு ஓரம் மடித்து அடியுங்கள். அதற்கு 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும்.

துணி வெட்டும் கத்தரிக்கோலால் தாளை வெட்டாதீர்கள், முனை மழுங்கிவிடும். வெட்டும்போது துணியைத் தூக்காமல், கத்தரிக்கோலின் கீழ் அலகு மேஜையில் உரசிக்கொண்டே போகட்டும். தூக்கினால் கீழ் மடிப்பு நகர்ந்து, இரண்டு பாதியும் இரண்டு அளவாகிவிடும்.

வெட்டியவுடன் கழுத்து வளைவில், ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே ஒற்றைத் தையல் ஒன்று ஓட்டிவிடுங்கள். நேர் இழையிலோ குறுக்கு இழையிலோ துணி அவ்வளவாக இழுபடாது. ஆனால் அவற்றுக்கு 45 டிகிரி சாய்வில், தையல்காரர்கள் கிராஸ் என்பார்களே, அந்தத் திசையில் நன்றாக இழுபடும். கழுத்து வளைவின் ஒரு பகுதி கண்டிப்பாகக் கிராஸில்தான் விழும். அந்தத் தையல் இல்லாவிட்டால் கையாளக் கையாளக் கழுத்து விரிந்துகொண்டே போகும்.

பிறகு துணியை ஹேங்கரில் கிளிப் போட்டு ஒரு இரவு தொங்கவிடுங்கள். கிராஸில் விழுந்த பகுதிகள் தன் எடைக்குக் கொஞ்சம் இறங்கும். சின்ன உடையில் அது சில மி.மீ. தான். காலையில் இறங்கிய இடத்தை மட்டும் தாளை வைத்துச் சரிசெய்து வெட்டிவிடலாம்.

மெஷினோடு சமாதானம்

புதிதாகத் தைப்பவர்களை ஓட வைப்பது துணி இல்லை, மெஷின்தான். நூல் சிக்குகிறது, கீழே கூடு கட்டுகிறது, என் மெஷின் சரியில்லை என்பார்கள். பெரும்பாலும் மெஷினில் ஒரு குறையும் இருக்காது.

தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கை ஊசியின் காது பின்முனையில் இருக்கும். மெஷின் ஊசியின் காது குத்தும் நுனிக்குப் பக்கத்தில். நுனியில் காது வைத்த ஊசியையும் கீழே இரண்டாவது நூலையும் சேர்த்துப் பூட்டுத் தையல் போடும் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஊசி துணிக்குள் இறங்கி மேலே கிளம்பும்போது நூல் ஒரு கண்ணியாகத் தளர்கிறது. கீழே சுழலும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பின்னிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்றது அதைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

ஆகவே துணியின் அடிப்பக்கத்தில் நூல் கண்ணி கண்ணியாகக் குவிந்தால், கோளாறு மேல்நூலில். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். பாதம் இறங்கியிருந்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அதற்குள் போகாது. பாதத்தைத் தூக்கி வைத்து முதலிலிருந்து கோத்தாலே பல நேரம் சரியாகிவிடும். மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம். ஒரு எண் குறையுங்கள்.

சாதாரணப் பருத்திக்கு 80/12 எண் ஊசி, இறகு வரிசைகள் சேர்ந்து தடிமனாகும் இடத்துக்கு 90/14. தையல் நீளம் 2.5 மி.மீ. மாலை முழுக்கத் தைத்துக் களைத்த ஊசியைத் தயங்காமல் மாற்றுங்கள். நுனி மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காமல் இடிக்கும், 'டக் டக்' என்று சத்தமே மாறிவிடும். உடைக்கான துணியில் கை வைப்பதற்கு முன், அதே துணியின் துண்டில் ஒரு முறை தைத்துப் பாருங்கள்.

மெஷின் இல்லையா? கை ஊசியால் கெட்டித் தையல் (ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் பின்னால் போய் முன்னால் வரும் தையல்) போட்டும் இந்த உடையை முழுக்கத் தைக்கலாம். இறகு வரிசையை மட்டும் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரல் நோகும்.

தைப்பது

கீழ் ஓரத்திலிருந்து தொடங்கலாம். வளைந்த ஓரத்தை மடித்தால் சுருக்கம் விழும், ஏனென்றால் வெளிவிளிம்பின் நீளம் அது மடிந்து படியும் இடத்தைவிட அதிகம். அதற்கு வழி: ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டுங்கள். அந்தத் தையல் கோட்டிலேயே துணியை உள்பக்கம் மடித்து அயர்ன் வைத்து அமுக்குங்கள். இன்னொரு அரை செ.மீ. மடித்து, மறுபடி அமுக்கி, மடிப்பின் விளிம்பை ஒட்டித் தையுங்கள். முதலில் ஓட்டிய தையல் அளவுகோலாக இருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்.

அமுக்குவது என்றுதான் சொன்னேன், தேய்ப்பது என்று சொல்லவில்லை. அயர்ன் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் கிராஸ் பகுதி இழுபட்டு அலை அலையாகிவிடும். வைத்து, அமுக்கி, தூக்கி, அடுத்த இடம். வீட்டுத் தையல், வீட்டுத் தையல் மாதிரி தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் தையல் கோணலாகப் போவது அல்ல, ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் அயர்ன் போடாததுதான். மெஷின் பக்கத்திலேயே அயர்ன் பெட்டி சூடாக இருக்கட்டும். ஒரு தையல், ஒரு அமுக்கு. சலிப்பாக இருக்கும், ஆனால் முடிவில் உடையை விரித்துப் பார்க்கும்போது கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள்.

இனி இறகு. துண்டுத் துணிகளைக் கிராஸில், 8 செ.மீ. அகலப் பட்டிகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டியின் கீழ் ஓரத்தையும் நாக்கு நாக்காக, இறகு நுனி வடிவில் வெட்டிவிடுங்கள். கிராஸில் வெட்டுவதற்குக் காரணம் இரண்டு. அந்தத் திசையில் வெட்டிய ஓரம் அதிகம் பிசிறு விடாது; இறகு நுனியை மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். அதோடு, பட்டி இழுபடும் என்பதால் மேலங்கியின் வளைவுக்குத் தானே வளைந்து கொடுக்கும். நேர் இழையில் வெட்டிய பட்டியை வளைத்துப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். எல்லாம் ஒரே நீளத் துண்டாக இருக்க வேண்டியதில்லை. 20, 30 செ.மீ. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைக்கலாம். இறகில் ஜாயிண்ட் யார் கண்ணுக்கும் படாது.

ஓடு வேய்வது போலக் கீழ் வரிசையிலிருந்து மேலே வர வேண்டும். முதல் வரிசையின் இறகு நுனிகள் உடையின் ஓரத்துக்குக் கீழே 2 செ.மீ. தொங்கட்டும், பட்டியின் மேல் ஓரத்தைத் தையுங்கள். அதற்கு 5 செ.மீ. மேலே இரண்டாவது வரிசை. அது முதல் வரிசையின் தையலை மூடிக்கொண்டு 3 செ.மீ. கீழே இறங்கும். அப்புறம் மூன்றாவது. மூன்றுக்கே நாலு முதல் நாலரை மீட்டர் வரை பட்டி செலவாகும், அதனால் மூன்றோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். மேல் வரிசையின் தையல் மட்டும் வெளியே தெரியும். அதன்மேல் ஒரு நாடாவை வைத்து அடித்துவிடுங்கள்.

இறகு வெட்டுவதைக் குழந்தையிடம் கொடுங்கள். முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் போதும். ஒன்று கோணலாகவும் ஒன்று குட்டையாகவும் வரும். இறகுக்கு அதுதான் அழகு. நிறங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும். ஊதாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வருகிறதா? வரட்டும்.

கழுத்துக்கு 4 செ.மீ. அகலத்தில் ஒரு கிராஸ் பட்டி. நீளம் கழுத்து வளைவோடு 2 செ.மீ. கூட. பட்டியின் நல்ல பக்கத்தை உடையின் நல்ல பக்கத்தில் வைத்து 1 செ.மீ. விட்டுத் தைத்து, பட்டியை உள்பக்கம் திருப்பி, நுனியை மடித்துக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். இரண்டு முனையையும் உள்ளே மடித்து மூடிவிடுங்கள்.

கழுத்தில் நாடா வைத்து முடிச்சுப் போடாதீர்கள். ஓடும்போது உடை எதிலாவது மாட்டிக்கொண்டால் முடிச்சு அவிழாது, கழுத்தை இறுக்கும். சின்னதாக வெல்க்ரோ வையுங்கள்; இழுத்தால் பிரிந்துவிடும். சொரசொரப்பான பாதி வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும், தோலில் உரசக்கூடாது.

கடைசியாக, முன் ஓரங்களின் வெளி முனையில் ஒன்றரை செ.மீ. அகல எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்துவிடுங்கள், மணிக்கட்டு அளவுக்கு 1 செ.மீ. குறைவாக. எலாஸ்டிக் தைத்த இடத்தில் முன்னும் பின்னும் மூன்று தடவை தையல் போடுங்கள். குழந்தை முழு பலத்தோடு சிறகடிக்கும் இடம் அது.

முகமூடி

முழு முகமூடி வேண்டாம். வேர்க்கும், மூச்சு முட்டும், பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவார்கள். நெற்றியும் கண்ணும் மூக்கும் மூடும் பாதி முகமூடி போதும்.

மடித்த தாளில் பாதி முகத்தை வரைந்து வெட்டி, முகத்தில் வைத்து, கண் இருக்கும் இடத்தை லேசாகக் குறியுங்கள். கண் துளை நினைத்ததைவிடப் பெரிதாக, 4 செ.மீ. அகலத்துக்காவது இருக்கட்டும். நேராகப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, படியில் கால் வைக்கும்போது கீழே தெரியவும் வேண்டும்.

வெளியே ஃபெல்ட், நடுவில் விறைப்புக்கு, அயர்ன் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டு கேன்வாஸ், தோலில் படும் பக்கம் பழைய பருத்தித் துணி. ஃபெல்ட் பிசிறு விடாது என்பதால் ஓரம் மடிக்க வேண்டியதில்லை. மூன்றையும் சேர்த்துச் சுற்றிலும் கையால் கெட்டித் தையல். அலகுக்கு ஒரு ஃபெல்ட் முக்கோணத்தை நடுவில் மடித்து, மடிப்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டினால் அது முதுகெலும்பு போட்டதுபோல நிற்கும். பின்னால் கட்ட எலாஸ்டிக். குளூ கன் பயன்படுத்தினால் அதைப் பெரியவர்கள் மட்டும் பிடிக்கட்டும். உருகிய பசை தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். முகத்தில் வண்ணம் தீட்டுவதாக இருந்தால் சருமத்துக்கென்று விற்கும் வண்ணம் மட்டும். கைவினைக்கு வைத்திருக்கும் அக்ரிலிக் பக்கமே போகாதீர்கள்.

வேஷம் கட்டிக்கொண்டு ஊர் நடுவே நடப்பதற்குப் பெரியவர்கள் கூச்சப்பட வேண்டாம். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மிர்ட்டில் டக்ளஸ் என்ற ரசிகை தனக்கும் தன் நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் எதிர்கால மனிதர்களின் உடையைத் தானே தைத்துக்கொண்டு போனார். மேலங்கி சகிதம். இன்று உலகெங்கும் ரசிகர்கள் கூடும் இடங்களில் வேஷம் போடும் பழக்கத்துக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். உங்களுக்கும் ஒரு சிறகு வேண்டுமென்றால் கணக்கு அதேதான். ஆரம் மட்டும் மாறும், துணியும் அதற்கேற்ப அதிகம் வேண்டும்.

கேக்

தையலில் டேப் எப்படியோ, இங்கே தராசு. கப்பில் அளந்த மைதா, தூவிப் போட்டால் 120 கிராம் இருக்கும். பையில் குத்தி அமுக்கி எடுத்தால் 150-ஐத் தாண்டும். நாலு கப்பில் இந்த வித்தியாசம் ஒரு கப்பாகிவிடும். கேக் ஏன் கல்லாகிவிட்டது என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எதால் அளந்தீர்கள் என்பதுதான்.

மறக்கவே முடியாத அளவு ஒன்று உண்டு: முட்டைகளை ஓட்டோடு நிறுத்துப் பாருங்கள், அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. நான்கு முட்டை ஏறக்குறைய 220 கிராம். அதற்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 1 டீஸ்பூன் வெனிலா, 2 டேபிள்ஸ்பூன் பால். 20 செ.மீ. வட்ட டின் இரண்டுக்கு இது சரியாக இருக்கும். உங்களிடம் இருப்பது 15 செ.மீ. டின் என்றால் பாதி, அதாவது 2 முட்டை அளவு போதும். விட்டத்தில் 5 செ.மீ. தான் வித்தியாசம், பரப்பில் பெரியது ஏறக்குறைய 1.8 மடங்கு.

வெண்ணெய், முட்டை, பால் எல்லாம் இரண்டு மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடட்டும். வெண்ணெய் விரல் அழுத்தினால் குழிய வேண்டும், பளபளவென்று உருகி நிற்கக்கூடாது. ஓவனை 180 டிகிரி செல்சியஸில் (ஃபேன் இருந்தால் 160) கால் மணி நேரமாவது முன்கூட்டியே சூடாக்குங்கள். டின்னில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதுதான் இந்த கேக்கின் உயிர். பீட்டரில் 4, 5 நிமிடம். கரண்டியால் என்றால் கை வலிக்கும்வரை. சர்க்கரையின் முனைகள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் சிக்க வைக்கும். மஞ்சள் வெளுத்து, பஞ்சு மாதிரி பொங்கி வரும்போது நிறுத்தலாம். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ்களை உண்டாக்குவதைவிட, ஏற்கனவே இருக்கும் இந்தக் குமிழ்களைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. இந்தப் பவுடரே ஒரு வீட்டுத் தேவையில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843-இல் இதைச் செய்தார்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு நன்றாக அடியுங்கள். திரிவது போலத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் மைதா போட்டால் சேர்ந்துகொள்ளும். பேக்கிங் பவுடரும் உப்பும் கலந்து சலித்த மைதாவைப் போட்ட பிறகு பீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். கரண்டியால் மடித்து மடித்துக் கலந்து, மாவுத் திட்டு மறைந்ததும் நிறுத்துங்கள். மேலும் மேலும் கலக்கினால் மைதாவில் பசைத்தன்மை கூடி கேக் ரப்பர் மாதிரி இழுக்கும்.

டின்களில் சமமாகப் பிரித்து, நடுத்தட்டில் 22 முதல் 25 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வர வேண்டும், ஓரம் டின்னை விட்டு விலகியிருக்க வேண்டும், விரலால் தொட்டால் திரும்ப எழும்ப வேண்டும். குச்சியை மட்டும் நம்பாமல் மூன்றையும் பாருங்கள். 10 நிமிடம் டின்னிலேயே விட்டு, கம்பித் தட்டில் கவிழ்த்து முழுக்க ஆறவிடுங்கள். ஆறியதும் மூடி வைத்தால் மறுநாள் வெட்டுவதற்கும் உதிராமல் வரும்.

இறகு வரி

இரண்டு கேக்குக்கும் நடுவில் 100 கிராம் வெண்ணெயும் 200 கிராம் ஐசிங் சுகரும் அடித்த க்ரீம். ஜாம் பிடித்தால் ஜாம்.

மேலே இறகு வரி போட 250 கிராம் ஐசிங் சுகரில் மூன்று டேபிள்ஸ்பூன் அளவு தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. கரண்டியின் பின்பக்கத்தை மூடி, மெதுவாக வழியும் பதம். இதற்கு முன்பே 50 கிராம் சாக்லேட்டை உருக்கி, சின்னப் பாலித்தீன் பையில் ஊற்றி, பை மூலையை வெட்டத் தயாராக வைத்திருக்க வேண்டும். வெள்ளைப் பூச்சை ஊற்றிப் பரப்பிய இரண்டொரு நிமிடத்தில் மேலே ஏடு கட்டிவிடும், அப்புறம் எதுவும் நடக்காது.

பரப்பியவுடன் சாக்லேட்டால் 2 செ.மீ. இடைவெளியில் இணைகோடுகள் இழுங்கள். ஒரு பல்குத்தும் குச்சியால் அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே, ஒரு தடவை உங்கள் பக்கமாக, அடுத்த தடவை எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சியைத் துடைக்க வேண்டும். கோடுகள் வளைந்து வளைந்து இறகு வரியாக மாறுவதைப் பார்க்க வீட்டில் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

போட்டுப் பார்ப்பது, கொண்டாடுவது

விழாவுக்கு முன்னால் முழு உடையோடு குழந்தையை உட்கார, குனிய, ஓட, படி ஏறச் சொல்லுங்கள். கீழ் ஓரம் காலில் தட்டுகிறதா? முகமூடியோடு பக்கவாட்டில் தெரிகிறதா? சிறகோடு தனியாக பாத்ரூம் போய் வர முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை மறப்பவர்கள் விழாவின் நடுவில் அவஸ்தைப்படுவார்கள்.

கேக்கில் மெழுகுவத்தி வைப்பதாக இருந்தால், ஏற்றுவதற்கு முன் சிறகையும் முகமூடியையும் கழற்றிவிடுங்கள். தொங்கும் இறகுகளும் கையை விரிக்கும் உற்சாகமும் நெருப்பும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. ஊதி அணைத்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளட்டும். கேக் வெட்டும்போது முட்டை, பால், கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் இருக்கிறார்களா என்று அவர்களின் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம்

க்ரீம் பட்ட சிறகைக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள். ஃபெல்ட் முகமூடியை நனைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். மிச்ச கேக்கை, மேல்பூச்சு இல்லாத பகுதி என்றால், இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம்.

அடுத்த வருடமும் அதே பறவைதான் என்று அடம்பிடித்தால் புதிதாகத் தைக்க வேண்டியதில்லை. கழுத்துப் பட்டியைப் பிரித்து, வளைவை அரை செ.மீ. மட்டும் உள்வாங்கி வெட்டினால் கழுத்து ஒன்றரை செ.மீ. பெரிதாகிவிடும். புதுப் பட்டி போட்டு, கை நீண்ட அளவுக்குக் கீழே இன்னொரு வரிசை இறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.